தராசுக்காரன் மகனின் எடை

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் மூன்று விஷயங்களைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். என் மகன் தருண் கல் எதையும் விழுங்கவில்லை. அவனைக் கேரள அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. என்னைத் தராசு வேலையிலிருந்து யாரும் நிறுத்தவில்லை.

இந்த மூன்று செய்திகளும் ஒரே நாள் மாலையில் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. துபாய்க்கும் மலேசியாவுக்கும் போனவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் அவர்களாகப் பார்த்துச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். நான் பிழைக்க வந்த இடம் உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காலையில் ஜீப்பில் ஏறி வரும் பெண்கள் நாள் முழுக்க ஏலக்காய் எடுத்துவிட்டு மாலையில் அதே ஜீப்பில் இறங்கிவிடுவார்கள். என் வீட்டில் மதியம் நடப்பது, என் அக்கா அடுப்பில் உலை வைப்பதற்குள் அவள் காதுக்குப் போய்விடும். இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் செய்தி கொஞ்சம் பெரிதாகும்.

அன்று அக்கா போனில் அழுதாள்.

"டேய், பிள்ளைக்குச் சோறு இல்லாட்டி ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானடா. கல்லக் குடுத்தா வளர்ப்பீக?"

"அக்கா, அப்படி இல்லக்கா."

"எப்படி இல்ல? நாலு கல்லுன்னு எண்ணிச் சொல்றாக!"

போனில் எனக்கு 'அக்கா' என்பதற்கு மேல் பேச்சு வராது. நேரில் அதுவும் வராது. அதனால்தான் எழுதுகிறேன். மலையேறி இங்கே வந்து இந்த ஆடியோடு ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷமாக ஊருக்கு ஒரு கடிதம்கூட எழுதாதவன் இப்போது எழுதுவதற்குக் காரணம் இந்தக் கல் விவகாரம்தான்.

2

வெளிநாடு போனவர்கள் ஊரை நினைத்து ஏங்குவதாக எழுதுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. மேகம் விலகினால், காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் நின்று பார்த்தாலே எங்கள் ஊர்த் தண்ணீர்த்தொட்டி தெரியும். அக்கா சில நாள் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "கை காட்டுறேன்டா, தெரியுதா?" என்று போனில் கேட்பாள். தெரிகிறது என்று பொய் சொல்வேன். பார்வைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் மாநிலம் வேறு. ரேஷன் அட்டை வேறு, பஸ்ஸின் பலகை வேறு. பிள்ளைகளும் மெல்ல மெல்ல வேறாகி வருகிறார்கள்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் கனிஷ்கா, நாலரை வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். இளையவன் தருண், இரண்டு வயதுக்கு இரண்டு மாதம் குறைவு. எனக்கு நாற்பத்தொன்பது. கல்யாணம் தாமதம். கனிஷ்காவை அங்கன்வாடியில் சேர்க்கப் போன அன்று லிஸி டீச்சர் என்னைப் பார்த்து, "அப்பூப்பன் ஒப்பிட்டால் போரா, அச்சன் வரணும்" என்றார். தாத்தா கையெழுத்துப் போட்டால் போதாது, அப்பா வரவேண்டும் என்று அர்த்தம். நான் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் என் மனைவி பாண்டீஸ்வரி கூடவே வந்து, "இவருதான் டீச்சர் அது" என்று சொன்ன பிறகே சேர்க்கை நடந்தது.

பாண்டீஸ்வரி மற்றப் பெண்களோடு காய் எடுக்கப் போகிறாள். நான் தராசுக்காரன். மதியம் ஒரு முறை, நாலு மணிக்கு ஒரு முறை, கிளையில் தராசைத் தொங்கவிட்டுப் பெண்கள் கொண்டுவரும் பைகளை நிறுத்து, எடையை உரக்கப் படித்து, நோட்டில் எழுதவேண்டும். மற்ற நேரம் ஸ்டோரில் வேலை. அங்கே ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் தருண் இருப்பான். அதாவது, பெட்டியில் நான் வைப்பேன், அவன் இறங்கிப் போவான், நான் பிடித்துவந்து மறுபடி வைப்பேன். ஒரு நாளில் நான் செய்யும் வேலைகளில் பாதி இதுதான்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவன் நான். ஆனால் தராசில் எண் நின்றுவிட்டால் என் குரல் எங்கிருந்தோ வந்துவிடும். "பதினாலு இருநூறு!" என்று நான் படிப்பது அடுத்த சரிவு வரை கேட்கும் என்கிறார்கள். அதற்கடுத்து ஒரு சொல் சொல்வேன், "கழிவு". அந்தச் சொல்லுக்காகத்தான் பெண்கள் என்னைத் திட்டுவார்கள்.

மழையில் நனைந்த காய் கனக்கும். அந்த ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் குறைப்பதுதான் கழிவு. மழை பெய்யாத நாளிலும் சில பைகள் நனைந்திருக்கும். ஓடையில் ஒரு முக்கு முக்கி எடுத்துவருவார்கள். சில பைகளில் இலை, சில பைகளில் மண். எப்போதாவது அடியில் உருண்டையாக ஒரு கல் இருக்கும். பையைத் தூக்கும்போதே என் கை சொல்லிவிடும். கல்லை எடுத்து ஓரமாக வைப்பேன், யார் பை என்று சொல்லமாட்டேன். வீரம்மாள் என்று ஒருத்தி, எங்கள் ஊர்க்காரிதான், அறுபது வயது, ஆனாலும் என்னை 'அண்ணன்' என்பாள். அவள் வைத்த பெயர்தான் எனக்கு நிலைத்துவிட்டது.

"ஏய், கழிவண்ணன் வர்றாரு, மூச்ச உள்ள இழுத்துக்கங்கடி. அதுக்கும் கழிச்சிரப் போறாரு."

அந்தக் கற்களில் வழுவழுப்பானவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கனிஷ்காவுக்கு விளையாடக் கொடுத்தேன். செய்த தவறு அதுதான். இன்னொன்றும் செய்தேன். "இத எதுக்குப்பா அத்தைங்க பைக்குள்ள போடுறாக?" என்று அவள் கேட்டபோது உண்மையைச் சொன்னேன்.

"எடை கூடுறதுக்குத் தாயி."

3

தருண் ஆனி மாத மழையில் காய்ச்சலில் படுத்தான். அதோடு வயிற்றுப்போக்கு. எழுந்தபோது பாதி ஆளாக இருந்தான். சாப்பாட்டில் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. தன் தட்டில் இருப்பதைத் தொடமாட்டான். இட்லியைக் கூரைக்கு எறிவான், பருப்புச் சோற்றைத் தலையில் தேய்த்துக்கொள்வான். அங்கன்வாடியில் கொடுக்கும் அமிர்தம் பொடியைக் கூழாகக் காய்ச்சி வைத்தால் அதில் தன் செருப்பை ஊறப்போடுவான். ஓடுவதில் மட்டும் குறைவில்லை.

இங்கே அங்கன்வாடியில் மாதம் ஒரு முறை சிறு பிள்ளைகளை நிறுப்பார்கள். கொக்கியில் ஒரு தராசு, அதில் கால்சட்டை போலத் தைத்த துணிப்பை. இரண்டு ஓட்டையிலும் காலை விட்டுப் பிள்ளையைத் தொங்கவிட வேண்டும். எடையை ஓர் அட்டையில் புள்ளி வைத்துக் கோடாக இழுப்பார்கள். அட்டையில் மூன்று நிறம். பச்சை நல்லது, மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து. மற்றதெல்லாம் மலையாளம். அந்த அட்டையில் எனக்குப் படிக்கத் தெரிந்தது எண்ணும் நிறமும் மட்டுமே. பயப்படுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊரில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் அதை வெளியே காட்டமாட்டோம். கன்னத்தில் மை வைப்போம். யாராவது "நல்லா இருக்கானே" என்றால் அன்றே சுற்றிப்போடுவோம். இங்கே நல்லா இருக்கிறானா இல்லையா என்பதைச் சுவரில் அட்டையாக மாட்டிவைக்கிறார்கள். வருகிற தாய்மார்கள் எல்லோரும் முதலில் தம் பிள்ளையின் கோட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் அடுத்தவர் பிள்ளையின் கோட்டை. மறைக்க வழி இல்லாமல் போனதுதான் பாண்டீஸ்வரிக்குத் தாங்கவில்லை.

போன மாதம் தருண் எட்டு கிலோ நூறு. சிவப்பு. லிஸி டீச்சர் எங்களைத் தனியாக அழைத்தார். எல்லைப்பக்கத்து ஆசிரியை, தமிழையும் மலையாளத்தையும் கலந்துதான் பேசுவார்.

"சேட்டா, காய்ச்சல் வந்ததுகொண்டு ஒரு மாசம் நான் பொறுக்கறேன். அடுத்த தடவை எட்டரைக்கு மேல வரணும். இல்லெங்கில் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எழுதணும். அவிடே குஞ்ஞும் அம்மையும் பதினாலு நாள் கிடக்கணும்."

பாண்டீஸ்வரி வெளியே வந்ததும் நடுவழியில் நின்றுவிட்டாள். காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதம். இரண்டு வாரம் வராதவளின் இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவாள், அடுத்த சீசன் வரை காய் எடுக்கும் கூட்டத்தில் இடம் கிடைக்காது. ஆனால் அவள் கேட்டது அதைப்பற்றி இல்லை.

"ஏங்க, நெசமாவே இவனுக்கு என்னமோ இருக்குமோ?"

"ஒண்ணும் இருக்காது."

"எப்படிச் சொல்றீக?"

அந்த மாதம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி அவன் பின்னால் கிண்ணத்தோடு ஓடினோம். நாங்கள்தான் இளைத்தோம்.

4

நிறுக்கும் நாள் வந்தது. பாண்டீஸ்வரி அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். நான் காலையிலேயே எழுந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தருணுக்குத் தடிப்பான கம்பளிச் சட்டையை மாட்டினேன். அதன்மேல் தொப்பி வைத்த இன்னொரு கம்பளிச் சட்டை. இரண்டும் முந்தின நாள் மழையில் கொஞ்சம் ஈரம். வேண்டுமென்றுதான் உலரவைக்கவில்லை. "பனியா இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன். நானூற்றைம்பது கிராம் தேறும் என்று என் கை சொன்னது. ஏழு வருஷமாக ஈரப் பைகளைக் கண்டுபிடித்தவன், ஓர் ஈரப் பையைத் தயார் செய்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

போகும் வழியில் பையன் நான் நினைத்ததைவிடக் கனத்தான். கம்பளி நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அங்கன்வாடியில் ஏழெட்டுத் தாய்மார்கள் இருந்தார்கள். ஆண் நான் ஒருவன்தான். சுவரோடு சுவராக நின்றேன். தருணைத் துணிப்பையில் மாட்டினார்கள். எண் ஓடி ஓடி நின்றது.

"ஒம்பதரை!" என்றார் லிஸி டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்ற மாதாவே! ஒரு மாசத்துல ஒண்ணு நானூறா? பச்சைக்குப் போயல்லோ! பாண்டீஸ்வரி, நீ எந்தா கொடுத்தது? எல்லாரும் கேட்டோளு, இவங்க கொடுத்தது எந்தான்னு."

எல்லாத் தாய்மார்களும் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் கணக்கில் நான் போட்டது நானூற்றைம்பது. மீதி என்னுடையது இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் ஏதோ கணக்குப் போடுவது தெரிந்தது.

"எல்லாம் கேப்பதான் டீச்சர்" என்றாள் மெதுவாக.

டீச்சர் பேனாவை எடுத்தார். பச்சைக்குள் ஒரு புள்ளி வைத்துவிட்டால் முடிந்தது. ஆஸ்பத்திரி இல்லை, பதினாலு நாள் இல்லை, சுவரைப் பார்த்துக் குனிய வேண்டியதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாழ்க்கையில் எனக்கு நன்றாக வரும் ஒரே காரியம் அது.

ஆனால் தொங்கிக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்தேன். அந்தத் தொப்பிக்குள் இருக்கும் முகம் எத்தனை கிலோ? டீச்சருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. புள்ளி வைத்துவிட்டால் இனி யாருக்குமே தெரியப்போவதில்லை. அடுத்த வீட்டுப் பை எத்தனை என்று கையால் தூக்கியே சொல்லுகிறவனுக்கு, தன் பிள்ளை தேறுகிறானா தேய்கிறானா என்று தெரியாமல் போய்விடும்.

"டீச்சர்" என்றேன்.

என் குரலைக் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். கனிஷ்காகூட ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கழிவு இருக்கு டீச்சர்."

"எந்தா?"

"கழிக்கணும். சட்டை ரெண்டு. ஈரம். நான்தான் போட்டது."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நானே போய் இரண்டு சட்டைகளையும் கழற்றினேன். கழற்றினால் உள்ளே இடுப்பில் தடியாக ஒரு வெள்ளி அரைஞாண், கால்களில் முழங்கால் வரை ஏற்றிவிட்ட இரண்டு ஜோடிக் கொலுசு. ஒரு ஜோடி கனிஷ்காவுடையது. இன்னொன்று யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஆடி மாசம்ல, போட்டு அழகு பாத்தேன்" என்றாள் பாண்டீஸ்வரி, யாரையும் பார்க்காமல்.

அதையும் கழற்றினோம். எண் இன்னும் சரிப்படவில்லை. என் கைக்குத் தெரிந்தது, அடியில் ஏதோ இருக்கிறது. அனிச்சையாகக் கால்பக்கம் கையை விட்டுப் பார்த்தேன், பைகளின் அடியில் பார்ப்பதுபோல. கம்பளிக் காலுறைக்குள் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். தொப்தொப்பென்று காலுக்கு இரண்டாக நாலு கூழாங்கற்கள் விழுந்தன.

இப்போது அறை முழுக்கச் சத்தம். ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் கல்லையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பாண்டீஸ்வரி என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏங்க, கல்லா போட்டீக? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்றாள். நான் அவள்தான் போட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அது என்டெ கல்லு!" என்றாள் கனிஷ்கா. கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும். ஓடிவந்து நாலையும் பொறுக்கிக்கொண்டாள். "நான்தான் தம்பிக்குக் கொடுத்தது. தூக்கம் கூடான்."

தூக்கம் என்றால் மலையாளத்தில் எடை. அது கூடுவதற்காம்.

"இது ஆரு மோளே படிப்பிச்சது?" என்று டீச்சர் கேட்டார்.

அவள் விரலை நேராக என் பக்கம் நீட்டினாள். "அப்பா."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. "நிங்கள் மூணு பேரும் பேசிவச்சு செய்தாணோ?"

பேசிவைக்கவில்லை என்பதுதான் எங்கள் குடும்பத்தின் நிலைமை. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே திருட்டைச் செய்திருந்தோம்.

தருணை மறுபடி மாட்டினார்கள். எண் நின்றது. எட்டரை. சரியாக எட்டரை.

"ஆ, போதும்" என்றார் டீச்சர். "எட்டரை ஆயல்லோ. ஆஸ்பத்திரி வேண்டா. கல்லு கதைய நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." மறுபடி பேனாவை எடுத்தார்.

எனக்கு உடம்பு லேசானது. உண்மையைச் சொன்னதற்கு உடனே கூலி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பாண்டீஸ்வரியைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எழுதாதீக" என்றாள்.

"இனி எந்தா?"

"வயித்துல இருக்கு. கிளம்புறப்ப ரெண்டு டம்ளர் தண்ணி குடுத்தேன். சொட்டுச் சொட்டா, பாட்டுப் பாடிக் குடுத்தேன். அதக் கழட்ட முடியல."

இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சட்டையையும் கொலுசையும் கல்லையும் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருப்பார்கள். தண்ணீரை ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான்கூட. அதைச் சொன்னவள் அவள்.

டீச்சர் அவளைப் பிடித்து உட்காரவைத்தார். அரை மணி நேரம் காத்திருந்தோம். தருண் இரண்டு முறை வாசலில் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தான். மறுபடி நிறுத்தபோது எட்டு இருநூறு. டீச்சர் புள்ளி வைத்தார். சிவப்பில், நாங்கள் மூன்று பேரும் பார்க்க.

5

இந்தச் செய்தியைக் கீழே கொண்டுபோனது அந்தத் தாய்மார்களில் ஒருத்தியா, கனிஷ்காவா தெரியவில்லை. மதியம் தராசுக்கு முன்னால் பெண்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை, உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீரம்மாள் தன் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, பிள்ளைக்கு நாலு கல்லு போட்டீகளாமே. எங்களுக்கு ஒண்ணு போட்டாலே மொறைக்கிறீக?"

"எண்ணிக்கோங்கடி, நம்ம பையில இருந்து எடுத்த கல்லுதான் அது. ஊரான் கல்லப் போட்டுத் தம் பிள்ளைய வளக்குறாரு" என்றாள் இன்னொருத்தி.

நான் எடையைப் படித்தேன். கழிவு சொல்லவேண்டிய இடத்தில் குரல் வரவில்லை. வீரம்மாளே, "சொல்லுங்க, கழிவு எம்புட்டு? வெக்கப்படாம சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவள் திட்டவில்லை.

டீச்சர் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். தருண் பிறந்தது தேனிப் பக்கத்து ஆஸ்பத்திரியில். தடுப்பூசி அட்டை தமிழில், எடை அட்டை மலையாளத்தில். இரண்டிலும் பெயரின் எழுத்து ஒத்துப்போகவில்லை. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிக்கவே ஒரு காலைப்பொழுது போனது. அந்த நேரத்தில் அந்த ஒரே பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றான். பிறகு இன்னொன்று. மூன்றாவதுக்கு அவர் மடியிலேயே ஏறிவிட்டான்.

டாக்டரம்மா கதவருகில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், பூச்சி மருந்து எழுதினார். நோய் ஒன்றும் இல்லை என்றார். இரண்டு வாரம் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், எட்டரையைத் தாண்டினால் படுக்கை வேண்டாம், தாண்டாவிட்டால் பேச்சே இல்லை, பெட்டியோடு வந்துவிட வேண்டும். "இவன் தட்டில் வைக்காதீங்க" என்று போகும்போது சொன்னார். "அடுத்தவர் கையில் வையுங்க."

அந்த அடுத்தவர் கனிஷ்காதான். கல் போட்டதற்குத் தண்டனையாக அவளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். அமிர்தம் பொடியை வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து அவள் கையில் கொடுப்போம். அவள் தம்பிக்கு எதிரே உட்கார்ந்து, தரமாட்டேன் என்று சொல்லித் தின்னவேண்டும். அவன் வந்து பிடுங்குவான். அவள் அழவேண்டும். அழுகையை அவள் மிக நன்றாகச் செய்தாள். "தரில்லா! போடா! இது என்டெயா!" என்று அவள் கத்தக் கத்த அவன் விழுங்கினான். முட்டையையும் அப்படியே. கேப்பைக்களியையும் அப்படியே. மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து, மூத்த பிள்ளையைப் பட்டினி போடுகிறோமா என்று விசாரித்தார்கள்.

என் அக்கா இன்னும் நம்பவில்லை. தினமும் ஜீப்பில் ஏதாவது வந்துகொண்டிருந்தது. பொரிகடலை மாவு, நாட்டுவாழைப்பழம், நெய் ஒரு போணி. வீரம்மாள் தன் தூக்குச்சட்டிக்குள் தவிட்டில் புதைத்து நாட்டுக்கோழி முட்டை கொண்டுவருவாள். என் கையில் கொடுக்கும்போது, "உள்ள மஞ்சக்கருதான் இருக்கு, கல்லு இல்ல. வேணும்னா நிறுத்துப் பாருங்க" என்பாள். நான் பேசாமல் வாங்கிக்கொள்வேன். ஒரு நாள் மட்டும், "கழிவு உண்டாக்கா?" என்று கேட்டேன். வீரம்மாள் சிரித்தபடியே அங்கிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு, "ஏய், அண்ணன் கேலி பண்றாருடி!" என்றாள். ஏழு வருஷத்தில் நான் அவர்களிடம் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று எண்ணிச் சொன்னார்கள்.

6

இரண்டு வாரம் முடிந்த காலை. பாண்டீஸ்வரிக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்கு அன்று அங்கன்வாடிக்குக் கீழே உள்ள சரிவில்தான் வேலை. "நான் வந்து பாக்க மாட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். மூட்டையாக ஒரு துணிப்பையும் கட்டி வைத்திருந்தாள். இரண்டு சேலை, சோப்பு, தருணின் துணிகள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்ப.

நான் தருணை வெறும் உடம்போடு தூக்கிப்போனேன். மேலே ஒரு துண்டு மட்டும். பின்னால் கனிஷ்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டே வந்தாள், ஒன்றும் இல்லை என்பதற்கு.

லிஸி டீச்சர் துணிப்பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் வாசிக்கில்லா. சேட்டன்தான் தராசுக்காரன், சேட்டன் வாசிச்சோளு. நான் எழுதாம்."

தருணைத் துணிப்பையில் மாட்டினேன். எண் ஓடியது. எட்டு நானூறு, எட்டு எழுநூறு, எட்டு ஐந்நூறு. அவன் காலை உதைத்தான். கனிஷ்கா போய் அவன் முன்னால் நின்று, "அனங்கல்லே!" என்றாள். ஆடாதே என்று. அவன் ஆட்டத்தை நிறுத்தினான். எண் மெல்ல வந்து நின்றது. எட்டு அறுநூறு.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் அவன், அசையாமல் இருக்கச் சொன்னதாலோ என்னவோ, ஆழ்ந்து யோசிப்பவன்போல் ஒரு முகம் வைத்தான். அடுத்து துணிப்பையின் ஓட்டை வழியாகத் தாரையாக ஊற்றியது. கனிஷ்கா கத்திக்கொண்டு விலகினாள். டீச்சர் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். என் கண் தராசை விட்டு அகலவில்லை. அறுநூறு இறங்க ஆரம்பித்தது. நான் அதைத் தடுத்து நிறுத்தப் போகிறவன்போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எட்டு ஐந்நூற்று எண்பது. எழுபது. அறுபது. ஐம்பது.

நின்றது.

நான் அந்த எண்ணை மூன்று முறை பார்த்தேன். டீச்சர் பேனாவோடு காத்திருந்தார். அறையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். நான் ஜன்னலுக்குப் போனேன். கீழே ஏலச்செடிகளும் மேலே மர நிழலும்தான், ஆள் ஒருவரும் தெரியவில்லை. ஆனால் அந்த இலைகளுக்குள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"எட்டு ஐந்நூத்தி ஐம்பது!" என்று படித்தேன்.

பின்னால் பிள்ளைகள் அதைப் பாட்டுப்போல் திருப்பிச் சொன்னார்கள். கீழே செடிகளுக்குள்ளிருந்து வீரம்மாளின் குரல் மேலே வந்தது.

"அண்ணே! அது கழிவு போட்டதா, போடாததா?"

"போட்டது!" என்றேன். என் குரல் எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது. "அவனே போட்டுட்டான்!"

கீழே சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு குரல் மட்டும் அழுதுகொண்டே சிரித்தது. அது எந்தச் செடிக்குப் பின்னாலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.